1916-லேயே டாங்கி வந்துவிட்டதே, பிறகு ஏன் முதல் உலகப் போர் 1918 வரை நீண்டது?

இதோடு சேர்த்து டாங்கியைக் கண்டுபிடித்தது யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது, வண்டியின் அடிப்பாகத்தில். டாங்கி என்றதும் நம் கண் பீரங்கிக்கும் கவசத்துக்கும் போய்விடுகிறது. ஆனால் பீரங்கி, கவசத் தகடு, பெட்ரோல் எஞ்சின் எல்லாமே 1914-க்கு முன்பே இருந்தன. 28 டன் இரும்பைச் சேற்றிலும் குழியிலும் கொண்டுபோகக்கூடிய செயின், அந்த எடையைத் திருப்பக்கூடிய கியர், அதற்கு ஈடுகொடுக்கிற எஞ்சின், இந்த மூன்றும்தான் இல்லை. இவை ஓரளவு தேறிவர 1918 ஆகிவிட்டது.

முதலில் எதற்காக இந்த வண்டி தேவைப்பட்டது என்று பார்ப்போம். 1914 முடிவதற்குள் மேற்குப் போர்முனை அசையாமல் நின்றுவிட்டது. ஸ்விட்சர்லாந்து எல்லையிலிருந்து பெல்ஜியம் கடற்கரை வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு இரு பக்கமும் பதுங்குகுழிகள், முன்னால் முள்கம்பி வேலி, பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள். வேலியை அறுக்க நாள்கணக்கில் பீரங்கியால் அடித்தார்கள். வேலி பாதி அறுந்தது, ஆனால் நிலம் முழுக்கக் குழியாகிவிட்டது, எதிரிக்கும் எங்கே தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. கவசம் போட்ட கார்கள் அப்போதே இருந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு 1914-ல் பெல்ஜியத்தில் அவற்றை நன்றாகவே பயன்படுத்தியது. பதுங்குகுழி வெட்டியதும் அந்தக் கார்களுக்கு வேலை இல்லாமல் போனது. சக்கரம் குழியில் இறங்கினால் ஏறாது. ஆக, துப்பாக்கியும் கவசமும் எஞ்சினும் உள்ள வண்டி கையில் இருக்கிறது, அதற்குக் கால்தான் இல்லை.

அந்தக் கால் ராணுவத்திலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம் ஆற்றுமுகத்து நிலம் மிக மென்மையானது, நீராவி டிராக்டர்களின் சக்கரம் அப்படியே புதைந்துவிடும். பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை மாட்டி 1904-ல் ஓட்டிப் பார்த்தார். நம் ஊரில் பொக்லைனில் டயர் வண்டி, செயின் வண்டி என்று பிரித்துச் சொல்கிறோமே, அந்தச் செயின்தான். வண்டியின் எடை நீளமாகப் பரவுவதால் மண் தாங்கிக்கொள்கிறது. இங்கிலாந்திலும் கிரந்தம் ஊரில் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் டேவிட் ராபர்ட்ஸ் இதே காலத்தில் செயின் டிராக்டர் செய்து ராணுவத்துக்கு ஓட்டிக் காட்டினார். ராணுவம் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஹார்ன்ஸ்பி தன் காப்புரிமையை ஹோல்ட்டிடமே விற்றுவிட்டது. போர் வந்ததும் அதே பிரிட்டிஷ் ராணுவம் கனரகப் பீரங்கிகளை இழுக்க அமெரிக்காவிலிருந்து ஹோல்ட் டிராக்டர்களை வாங்கியது.

போருக்கு முன்பே இந்தச் செயின்மேல் கவச வண்டியை வரைந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆஸ்திரிய அதிகாரி குந்தர் பர்ஸ்டின் 1911-ல் ஒரு திட்டம் கொடுத்தார், ஆஸ்திரியாவும் ஏற்கவில்லை, ஜெர்மனியும் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லான்ஸ்லாட் டி மோல் 1912-ல் லண்டனுக்கு வரைபடம் அனுப்பினார், அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். டி மோலின் வடிவத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கும். 1916-ல் வந்த வண்டியைவிட அது சில விஷயங்களில் மேல் என்று போருக்குப் பிறகு அரசு விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. ஆனால் அதிலிருந்து எதுவும் பிறக்கவில்லை என்பதால் செலவுத் தொகை மட்டும் கிடைத்தது.

சரி, பிரிட்டனில் இது எப்படிக் கைகூடியது? எர்னஸ்ட் ஸ்வின்டன் என்ற பொறியாளர் படை அதிகாரி அரசின் போர்ச் செய்தியாளராக பிரான்சில் இருந்தார். ஹோல்ட் டிராக்டரைப் பற்றி ஏற்கெனவே அறிந்திருந்த அவருக்கு, அதன்மேல் கவசம் போட்டு வேலியை மிதித்துப் போகலாம் என்று 1914 அக்டோபரில் தோன்றியது. அரசின் போர்க் குழுச் செயலாளர் மாரிஸ் ஹேங்கி வழியாக அந்த யோசனை மேலே போனது. ராணுவத் தலைமையகம் இழுத்தடித்தது. கையில் எடுத்தவர் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில். 1915 பிப்ரவரியில் நிலக்கப்பல் குழு என்று ஒன்றை அமைத்தார், தலைவர் கப்பல் கட்டும் துறை இயக்குநர் டென்னிசன் டி'ஐன்கோர்ட். தரைப்படைக்கான வண்டியைக் கடற்படைப் பணத்தில், கப்பல் வடிவமைப்பாளர் தலைமையில் செய்தார்கள் என்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் கவசத் தகடு, எடைக் கணக்கு, பக்கவாட்டில் பீரங்கி பொருத்துவது எல்லாம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

குழு ஆரம்பத்தில் கண்டபடி அலைந்தது. ராட்சதச் சக்கரம் வைத்த வண்டி கூட யோசனையில் இருந்தது. கடைசியில் வேலை லிங்கன் நகரத்து வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தது. விவசாய இயந்திரம் செய்கிற கம்பெனி. அதன் தலைவர் வில்லியம் டிரிட்டன், கூடவே கடற்படை விமானப் பிரிவிலிருந்து வந்த பொறியாளர் வால்டர் வில்சன். என்னைக் கேட்டால் டாங்கியைக் கண்டுபிடித்தவர்கள் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் இந்த இருவரைத்தான் சொல்வேன். யோசனை பலருக்கு வந்தது, அதை ஓட வைத்தது இவர்கள்தான்.

காரணம் செயின். 1915 செப்டம்பரில் தயாரான முதல் வண்டி, பிற்பாடு லிட்டில் வில்லி என்று பெயர் பெற்றது, சிகாகோவிலிருந்து வரவழைத்த புல்லக் செயினில் ஓடியது. சமதளத்தில் ஓடும். குழியைத் தாண்டும்போது வண்டி தூக்கியதும் செயின் தொய்ந்து உருளைகளை விட்டுக் கீழே தொங்கும், மறுபடி தரையில் படும்போது சரியாகப் பொருந்தாமல் கழன்றுவிடும். டிராக்டருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, அது குழி தாண்டப் போவதில்லை. டிரிட்டன் வேறு பொருள்களிலும் முயன்று பார்த்துவிட்டு, அச்சில் அழுத்தி எடுத்த எஃகுத் தகடுகளை இணைத்து ஒரு செயின் செய்தார். ஒவ்வொரு இணைப்பின் உட்பக்கமும் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்ததால் வண்டி அந்தரத்தில் நின்றாலும் செயின் தொங்காது. 1915 செப்டம்பர் 22-ம் தேதி லண்டனுக்குத் தந்தி கொடுத்தார்கள், குழந்தை பிறந்த செய்தி போல எழுதி, கீழே பெருமிதத்துடன் பெற்றோர் என்று கையெழுத்திட்டு. டாங்கி பிறந்த நாள் என்று ஒன்று உண்டென்றால் எனக்கு இதுதான்.

அதற்குள் ராணுவம் நிபந்தனையை ஏற்றிவிட்டிருந்தது: 8 அடி அகலக் குழியைத் தாண்ட வேண்டும், நாலரை அடி உயர மண்மேட்டில் ஏற வேண்டும். லிட்டில் வில்லியால் அது முடியாது. வில்சன் செயினை வண்டியின் உடம்பைச் சுற்றியே ஓடவிட்டார், மூக்கு உயர்ந்த சாய்சதுர வடிவத்தில். தரையைத் தொடும் வளைவு 60 அடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் வளைவுக்குச் சமம். ராட்சதச் சக்கரத்தின் பலனை, அந்தச் சக்கரம் இல்லாமலே கொண்டுவந்துவிட்டார்கள். மேலே பீரங்கிக் கூண்டு வைத்தால் கவிழ்ந்துவிடும் அபாயம் இருந்ததால் கப்பலில் வைப்பதுபோல இரு பக்கமும் புடைத்த கூண்டுகளில் கடற்படைப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். மதர் என்று பெயரிட்ட இந்த வண்டி 1916 பிப்ரவரி 2 அன்று ஹாட்ஃபீல்ட் பூங்காவில் அமைச்சர்கள் முன்னால் ஓடியது. போர் அமைச்சர் கிச்சனருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயுத உற்பத்தி அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கு வந்தது. முதலில் 100, பிறகு 150 வண்டிகளுக்கு உத்தரவு போனது.

இனி உள்ளே இருந்தவர்களைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும், ஏனென்றால் போர் ஏன் நீண்டது என்பதற்கு விடை பாதி அங்கேதான். மதரை வைத்துச் செய்த மார்க் 1 வண்டியில் 8 பேர். 105 குதிரைத்திறன் டைம்லர் எஞ்சின் நடுவில், தடுப்புச் சுவர் எதுவும் இல்லாமல். வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் வெடிமருந்துப் புகையும் சேர்ந்து ஆட்கள் மயங்கி விழுவார்கள். குண்டு வெளியே தகட்டில் பட்டால் உட்பக்கம் இரும்புத் துணுக்கு தெறிக்கும், அதற்காக இரும்பு வளையங்கள் தொங்கும் முகமூடி கொடுத்தார்கள். வண்டியைத் திருப்புவதுதான் மகா கொடுமை. கமாண்டர் பிரேக்கில், டிரைவர் பிரதான கியரில், பின்னால் இரு பக்கமும் தனித்தனியாக இரண்டு கியர்காரர்கள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது, எதையாவது தட்டியும் கை ஜாடையிலும்தான் சொல்ல வேண்டும். பெரிய திருப்பம் என்றால் வண்டியை நிறுத்தி, ஒரு பக்கச் செயினை கியரிலிருந்து விடுவித்து, மறுபக்கத்தை மாட்டி, பிரேக் பிடித்து... இதைக் குண்டு பறக்கும் இடத்தில் நின்று செய்ய வேண்டும். அதிக வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதுவும் நல்ல தரையில். வெளியே தகவல் சொல்லப் புறா வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட வண்டி 1916 செப்டம்பர் 15 அன்று சொம் போர்க்களத்தில் ஃப்ளேர்ஸ் ஊருக்கு அருகே முதன்முதலாக இறங்கியது. கையில் இருந்தவை 49. தாக்குதல் தொடங்கும் கோட்டுக்கு வந்து சேர்ந்தவை முப்பத்துச் சொச்சம். மற்றவை வழியிலேயே நின்றுவிட்டன அல்லது குழியில் சிக்கின. ஸ்டூவர்ட் ஹேஸ்டியின் டி17 ஃப்ளேர்ஸ் தெருவுக்குள்ளேயே போனது, பின்னால் காலாட்படை போனது. ஊர் கைப்பற்றப்பட்டது, ஆனால் எதிரியின் வரிசை உடையவில்லை.

பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி ஹெய்க் அவசரப்பட்டு ரகசியத்தைக் கெடுத்துவிட்டார், ஆயிரம் வண்டி சேரும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நிறையப் பேர் சொல்வார்கள். ஸ்வின்டனே எண்ணிக்கை சேராமல் இறக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தவர்தான், பிரெஞ்சுக்காரர்களும் பொறுக்கச் சொன்னார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். ஓட்டிப் பார்க்காத வண்டியை ஆயிரக்கணக்கில் செய்திருந்தால் அதே குறைகள் ஆயிரம் வண்டியிலும் இருந்திருக்கும். திருப்புவதற்கென்று பின்னால் மாட்டிய இரட்டைச் சக்கரம் வீண் என்று ஃப்ளேர்ஸ்தான் காட்டியது. ஆட்களோடு உள்ளே இருந்த பெட்ரோல் தொட்டியை மார்க் 4-ல் பின்பக்கம் வெளியே கொண்டுபோனதும் களத்தில் பட்ட அனுபவத்தால்தான். ஹெய்க்கும் நான்கு நாளில் இன்னும் ஆயிரம் வண்டி கேட்டார். உண்மையில் கெட்டது அதற்குப் பிறகுதான்: 1917-ல் பெல்ஜியத்தின் ஈப்ர பக்கம், பீரங்கி அடித்து வடிகால் எல்லாம் சிதைந்த சேற்றில் டாங்கிகளை இறக்கினார்கள். செயின் சுழன்றது, வண்டி நகரவில்லை. அப்படியே மூழ்கிப்போனவை ஏராளம். அங்கே இருந்த காலாட்படை அதிகாரிகள் பலருக்கு டாங்கி மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

இதே நேரத்தில் பிரான்சும் பிரிட்டனுக்குத் தெரியாமல் தனியாக இந்த வேலையில் இருந்தது. பீரங்கிப்படை கர்னல் ஜான் எஸ்டியன் 1915 டிசம்பரில் தளபதி ஜோஃப்ருக்குக் கடிதம் எழுதி வேலையைத் தொடங்கவைத்தார். ஷ்னைடர் நிறுவனம் ஹோல்ட் டிராக்டரின் அடிப்பாகத்தை எடுத்து அதன்மேல் கவசப் பெட்டியை வைத்தது. அதற்குப் போட்டியாக வந்த சான் ஷமோன் வண்டியும் ஹோல்ட் வழி வந்ததுதான். பெரிய 75 மில்லிமீட்டர் பீரங்கி, ஆனால் செயினுக்கு முன்னால் உடம்பு அவ்வளவு நீட்டிக்கொண்டிருந்ததால் குழிக்கு வந்ததும் மூக்கு மண்ணில் குத்திக்கொள்ளும். டிரிட்டனும் வில்சனும் தவிர்த்த தவற்றை இவர்கள் 400 வண்டியில் செய்தார்கள். 1917 ஏப்ரல் 16 அன்று பெரி-ஒ-பாக்கில் 130 அளவுக்கு ஷ்னைடர்கள் இறங்கின, பாதிக்கு மேல் திரும்பவில்லை. பெட்ரோல் தொட்டி முன்பக்கம் இருந்ததால் குண்டு பட்டதும் தீப்பிடித்து உள்ளே இருந்தவர்கள் எரிந்துபோனார்கள். படைப்பிரிவுத் தலைவர் பொசுவும் அன்றே இறந்தார்.

பிறகு வடக்கு பிரான்சின் கம்ப்ரே. 1917 நவம்பர் 20. டாங்கிப் படையின் தளபதி ஹியூ எல்லஸும் அவருடைய அதிகாரி ஃபுல்லரும் சண்டையே வராத, குண்டடிபடாத உறுதியான சுண்ணாம்பு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செயினுக்குத் தகுந்த மண்ணைத் தேடிப் போனதுதான் இங்கே முதல் அறிவாளித்தனம். இரண்டாவது, முன்னோட்டப் பீரங்கியடி இல்லை. கணக்குப் போட்டே குறிவைக்கும் முறை அப்போது வளர்ந்துவிட்டதால் தாக்குதல் நொடியில்தான் பீரங்கிகள் வாய் திறந்தன. எதிரே ஹிண்டன்பர்க் கோடு என்ற ஜெர்மன் அரண் வரிசையின் பதுங்குகுழிகள் டாங்கி தாண்ட முடியாத அகலத்தில் வெட்டப்பட்டிருந்தன. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். சுள்ளிகளை ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள கட்டாகக் கட்டி வண்டித் தலையில் ஏற்றி, குழிக்குள் போட்டுவிட்டு அதன்மேல் ஏறிப் போனார்கள். அந்தக் கட்டுகளைக் கட்டியதில் டாங்கிப் பணிமனையில் இருந்த சீனத் தொழிலாளர்களின் பங்கு பெரியது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மொத்தம் 476 டாங்கிகள், அவற்றில் 378 சண்டை வண்டிகள். எல்லஸ் தானே ஹில்டா என்ற வண்டியில் ஏறி முன்னால் போனார். ஒரே நாளில் சில இடங்களில் 8 கிலோமீட்டர் வரை முன்னேறினார்கள். ஈப்ரவில் அதே தூரத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் தேவாலய மணி அடித்தார்கள்.

ஆனால் முதல் நாள் மாலைக் கணக்கைப் பாருங்கள். 179 டாங்கிகள் நின்றுபோயின. எதிரி அடித்தது 65. இயந்திரக் கோளாறு 71. குழியிலோ மண்ணிலோ சிக்கியவை 43. எதிரி நிறுத்தியதைவிடத் தானாக நின்றவை அதிகம்! மார்க் 4 இன்னும் நான்கு பேர் சேர்ந்து திருப்புகிற அதே பழைய கியர்தான், எஞ்சினும் அதே 105 குதிரைத்திறன்தான். ஒரு நாள் ஓடினால் வண்டியும் தீர்ந்துவிடும், ஆட்களும் தீர்ந்துவிடுவார்கள். உடைந்த இடத்தின் வழியே வேகமாக உள்ளே பாய வேண்டியது குதிரைப்படை. மாஸ்னியேர் கால்வாய்ப் பாலத்தில் ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற டாங்கி ஏறியதும் பாலமே இடிந்து விழுந்தது, குதிரைப்படையின் வழி அங்கே அடைபட்டது. நவம்பர் 30 அன்று ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்கினார்கள், பிடித்த நிலத்தில் பெரும்பகுதி போயிற்று.

ஜெர்மனி ஏன் டாங்கி செய்யவில்லை என்று கேட்பார்கள். செய்தது, வெறும் 20. ஜோசஃப் ஃபோல்மர் வடிவமைத்த ஏ7வி, 30 டன், 18 பேர் ஏறும் வண்டி. அதன் செயினும் ஹோல்ட் வழிதான், அடிவயிறு தாழ்ந்தது, குழி தாண்ட லாயக்கில்லை. எஃகும் தொழிலாளர்களும் நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் போனது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1917 ஏப்ரலில் புல்லகூரில் அவர்கள் கைப்பற்றிய மார்க் 2 வண்டிகள் உண்மையில் பயிற்சிக்கென்று கடினப்படுத்தாத தகட்டில் செய்தவை. தங்கள் கவசத் துளைப்புத் தோட்டா அதைத் துளைத்ததைப் பார்த்து, இந்த ஆயுதத்துக்குத் தோட்டா போதும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜூனில் மார்க் 4 வந்தபோது அந்தத் தோட்டா வேலை செய்யவில்லை. பிறகு 13 மில்லிமீட்டர் துப்பாக்கி, நேரடியாகச் சுடும் வயல் பீரங்கி என்று எதிர்க்கும் வழியைத் தேடினார்களே தவிர தங்கள் வண்டியை வளர்க்கவில்லை. 1918 ஏப்ரல் 24 அன்று வில்லேர்-பிரத்தனோவில் ஃபிராங்க் மிட்செலின் மார்க் 4-உம் வில்ஹெல்ம் பில்ட்ஸின் ஏ7வி-யும் மோதியதுதான் டாங்கியோடு டாங்கி மோதிய முதல் சண்டை.

இனி 1918-க்கு வருவோம், விஷயம் கனிந்த ஆண்டு. மார்க் 5-ல் வில்சனின் புதிய கியர் வந்தது, ஒரே டிரைவர் வண்டியைத் திருப்பலாம். நான்கு பேர் வேலை ஒருவருக்குக் குறைந்தது என்றால் மற்ற மூவரும் சுடலாம், பார்க்கலாம். ஹாரி ரிக்கார்டோ டாங்கிக்கென்றே வடிவமைத்த 150 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. (காற்றோட்டம் மட்டும் முன்னைவிட மோசம், விஷவாயுவில் ஆட்கள் சுருண்டு விழுந்தது தொடர்ந்தது.) ஜூலை 4 அன்று ஹாமலில் ஆஸ்திரேலியத் தளபதி மோனாஷ் 60 டாங்கி, காலாட்படை, பீரங்கி, விமானம் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கோத்து 93 நிமிடத்தில் முடித்தார். ஆகஸ்ட் 8 அன்று அமியானில் அதையே பெரிய அளவில் செய்தார்கள். 400-க்கும் மேற்பட்ட சண்டை டாங்கிகள். எதிரித் தளபதி லூடன்டார்ஃப் ஜெர்மன் ராணுவத்தின் கறுப்பு நாள் என்று சொன்னது இதைத்தான். மணிக்கு 13 கிலோமீட்டர் போகும் விப்பெட் வண்டி ஒன்று, மியூசிக்கல் பாக்ஸ், லெப்டினன்ட் ஆர்னால்ட் தலைமையில் தன்னந்தனியாக எதிரி வரிசைக்குப் பின்னால் பல மணி நேரம் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தது. கூரையில் ஏற்றியிருந்த பெட்ரோல் டின்களில் குண்டு பட்டு ஒழுகி, கடைசியில் எரிந்துதான் நின்றது.

அப்படியிருந்தும் மறுநாள் ஓடும் நிலையில் இருந்தவை 145. ஆகஸ்ட் 12 அன்று 6. ஆறே ஆறு. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. 1918-லும் டாங்கி ஒரு நாள் ஆயுதம்தான். அது வரிசையை உடைக்கும், உடைத்ததன் வழியே ஓடிக்கொண்டே இருக்க அதனால் முடியாது. போரை முடித்தது டாங்கிதான் என்று சொல்கிறவர்களோடு நான் அதனால்தான் ஒத்துப்போவதில்லை. பீரங்கியின் துல்லியம், கடல் முற்றுகை, அமெரிக்கப் படைகளின் வருகை எல்லாம் சேர்ந்து முடித்தது.

கடைசியாக ரெனோ எஃப்டி என்ற சிறிய பிரெஞ்சு டாங்கி பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எஸ்டியன் ஷ்னைடர் வண்டியின் தோல்விக்கு முன்பே லூயி ரெனோவிடம் பேசியிருந்தார். ரெனோவுக்குக் கார் தொழிற்சாலை, அதனால் அவர் எடுத்த முதல் முடிவே எடையைக் குறைப்பது. ஆறரை டன், இரண்டே பேர். டிரைவர் முன்னால், எஞ்சின் பின்னால் தனி அறையில், நடுவில் முழு வட்டமாகச் சுழலும் கூண்டில் ஒரு பீரங்கியோ இயந்திரத் துப்பாக்கியோ. எஞ்சினைப் பிரித்து வைத்ததால் ஆட்கள் வேகவில்லை, மூச்சுத் திணறவில்லை. சிறியது என்பதால் லாரியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோகலாம், செயினும் எஞ்சினும் போகிற வழியில் தேயாது. 1918 மே 31 அன்று முதல் சண்டை, போர் முடிவதற்குள் 2,500-க்கும் மேல் தயாராகிவிட்டன. அமெரிக்க டாங்கிப் படையை சான் மியேலில் பாட்டன் நடத்தியது இந்த வண்டியில்தான். 1919-ல் ஒடெசா பக்கம் கைப்பற்றியதைப் பார்த்துச் சோவியத்துகள் தங்கள் முதல் டாங்கியைச் செய்தார்கள். இத்தாலியும் இதை வைத்தே ஃபியட் 3000 செய்தது. இன்றைய டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் டிரைவர், சுழல்கூண்டு, எஞ்சின் இருக்கும் வரிசை எஃப்டி வைத்த அதே வரிசை. 1940-ல் ஜெர்மானியர்கள் பிரான்சுக்குள் நுழைந்தபோதும் பிரெஞ்சு ராணுவத்திடம் ஆயிரத்துக்கும் மேல் எஃப்டிகள் இருந்தன. 22 வருடத்தில் மற்றவர்களின் எஞ்சினும் கியரும் எங்கேயோ போய்விட்டிருந்தன, அவை இன்னும் மணிக்கு 8 கிலோமீட்டருக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தன.